ருசியும் வழியும் பிழைப்பாகுமா? காஞ்சிபுரத்தை முன்வைத்து

உணவின் மேலுள்ள ஆசையையும் ஊர் சுற்றும் ஆசையையும் தொழிலாக்கிக்கொள்ள முடியுமா? கைப்பேசியில் காமிரா வந்த பிறகு பிறந்த கேள்விபோல இது தோன்றலாம். தமிழில் இதற்கு வயது அதிகம். சொல்லப்பட்ட விடைகளும் பல. அவற்றுள் மிகப் பழைய விடை ஒன்று காஞ்சிபுரத்தை நோக்கி நடந்தவர்களைப் பற்றியது. இந்தக் கட்டுரைக்குக் காஞ்சியை மையமாக வைத்துக்கொண்டதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், ஊரின் இன்றைய நிலை. கோயிலுக்கு வருகிறவர்களும் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களும் நாள் தவறாமல் வந்திறங்குகிறார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் என்பதால் காலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் இருட்டும் முன் திரும்பிவிடுகிறார்கள். வருகிறவர்கள் உண்டு, உண்பதற்குப் பெயர்பெற்ற பண்டம் உண்டு, சொல்லிக் காட்ட வரலாறும் உண்டு. இவ்வளவும் இருக்கும் ஊரில் உணவையும் பயணத்தையும் நம்பி ஒருவர் குடும்பம் நடத்த முடியுமா என்று பார்த்தால், பொதுவாகச் சொல்லப்படும் விடைகளை ஓரளவு சோதித்துப் பார்த்ததாகும்.

அந்த விடைகளை வரிசையாகப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. ஆசை எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. காசு கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்பதில்தான் காலங்கள் வேறுபடுகின்றன.

புரவலர் வாசலில்

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், அங்கே யார் இருப்பார்கள், என்ன சாப்பிடக் கொடுப்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். எயினர் குடியிருப்பில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். ஆயர் வீட்டில் தினைச்சோறும் பாலும். உழவர் வீட்டில் நெல்லுச்சோறும் கோழியும். அந்தணர் வீட்டுக் கறி இன்னும் நுணுக்கமாக வருகிறது: மாதுளம் பிஞ்சைப் பிளந்து, மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் கலந்து, பசுவின் மோரில் எடுத்த வெண்ணெயில் வேகவைத்தது, தொட்டுக்கொள்ள மாவடு. சமையல் தெரிந்தவர் இதைப் படித்தால் அடுப்பை மூட்டிவிடலாம்.

ஆற்றுப்படைகளை உணவு வழிகாட்டி நூல்களாகப் படிக்கும் போக்கு இப்போது உண்டு. அப்படிப் படிப்பதில் தவறில்லை. ஆனால் பாணன் சுவை தேடிப் புறப்பட்டவனல்லன். பசி துரத்தப் புறப்பட்டவன். அவனுக்குப் பரிசு கிடைத்தது யாழிசைக்காக, அந்த இசையால் அரசனுக்குச் சேர்ந்த புகழுக்காக. வழியும் சோறும் தொழிலின் பகுதிகள், கூலி வேறொன்றுக்கு. இந்த ஏற்பாட்டின் பலவீனமும் வெளிப்படையானது. அரசன் மனம் மாறினாலோ அரசு வீழ்ந்தாலோ பாணனுக்குப் போக்கிடமில்லை. பிற்காலத்தில் பாணர் மரபே தேய்ந்து மறைந்ததை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

சோறு விற்கலாமா என்ற சிக்கல்

இரண்டாவது விடை, உணவைக் காசாக்கக் கூடாது என்பது. மணிமேகலையின் பிற்பகுதி நடப்பது காஞ்சியில்தான். பஞ்சத்தில் வாடும் நகருக்கு அமுதசுரபியோடு வந்து, வருவோர்க்கெல்லாம் காப்பியத் தலைவி சோறிடுகிறாள். அன்னம் அறம்; அதற்கு விலை வைப்பது பாவம் என்ற எண்ணம் சத்திரங்கள், மடங்கள் வழியாகத் தொடர்ந்து வந்தது. அறநிலையத் துறைக் கோயில்களில் 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்துக்கும் இதுவே வேர்.

ஆனால் நடைமுறை இந்த இலட்சியத்தோடு முழுவதும் ஒத்துப்போனதில்லை. திருப்பதிக் கல்வெட்டுகளில் ‘விட்டவன் விழுக்காடு’ என்று ஒரு சொல் வருகிறது. கட்டளை வைத்தவருக்குப் பிரசாதத்தில் உரிய பங்கு அது. வழக்கமாக நாலில் ஒன்று. அந்தப் பங்கு கைமாறவும் செய்தது, வழிப்போக்கரையும் சென்றடைந்தது. சாமிக்குப் படைத்தது யாத்ரீகருக்கு விலைக்கு வந்தது நேற்றைய வழக்கமன்று. இன்றும் பல கோயில்களில் பிரசாதக் கடை ஏலத்துக்கு விடப்படுகிறது.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் இட்லி இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நிற்கிறது. அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்க்கிறார்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலையை விரித்து, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்து இறங்கும்போது அது தட்டு இட்லி அல்ல, ஒரு முழ உருளை. கத்தியால் வெட்டித்தான் பங்கிட வேண்டும். மிளகும் சுக்கும் சேர்ந்திருப்பதால் சட்டென்று கெடுவதில்லை, வழிக்குக் கட்டிக்கொண்டு போகலாம். யாத்திரைக்கென்றே செய்ததுபோன்ற பண்டம். ஓட்டல்களில் இதையே டம்ளரில் ஊற்றி வேகவைத்துக் ‘காஞ்சிபுரம் இட்லி’ என்று பரிமாறுகிறார்கள். அந்தப் பெயரால் சென்னையிலும் பெங்களூரிலும் வியாபாரம் நடக்கிறது. குடலைக்கு இலை தைக்கிறவருக்கு அதிலிருந்து எதுவும் வருவதில்லை.

ஓட்டல்கள் வந்தபோது எழுந்த கேள்வியை ருசி பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது இருபதாம் நூற்றாண்டின் பாதி வரையில் சாதியால் தீர்மானிக்கப்பட்டது. கோயில்களுக்குள் எல்லோரும் நுழைய 1947ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. ஓட்டல் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பயணமும் உணவும் ‘விருப்பம்’ ஆவதற்கு முன், பலருக்கு அவை உரிமைப் பிரச்சினைகளாக இருந்தன. சமைக்கத் தெரிந்தவர்களில் யாருக்குத் தொழில் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். ஆசையைப் பின்தொடரச் சொல்லும் நூல்களில் இந்த வரலாற்றுக்கு இடமிருப்பதில்லை. அவற்றின் பெரிய குறை இதுவென்று கருதுகிறேன்.

எழுத்தை நம்பியவர்கள்

அச்சு பரவிய பிறகு மூன்றாவது விடை வந்தது: போ, சாப்பிடு, பார், எழுது. தமிழில் இதன் முன்னோடி ஏ. கே. செட்டியார் (1911–1983). ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது. காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து, 1940இல் அதை வெளியிட்டார். பிறகு ‘குமரி மலர்’ இதழைப் பல ஆண்டுகள் தனி ஆளாக நடத்தினார். பயணத்தையே வாழ்க்கையாக்கியவர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம். அதனால் வளமாக வாழ்ந்தவர் என்று சொல்ல முடியாது. மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி எழுதிய சோமலெயின் நூல்கள் இன்றும் பயன்படுகின்றன. காவிரிக் கரையோடு போய் ‘நடந்தாய் வாழி காவேரி’ (1971) எழுதிய சிட்டியும் தி. ஜானகிராமனும் வானொலியில் சம்பளம் வாங்கியவர்கள். தமிழ்ப் பயண எழுத்தின் சிறந்த நூல்களில் ஒன்றுக்குப் பின்னால் மாதச் சம்பளம் இருந்தது என்பதைப் பதிவுசெய்வது நல்லது.

உணவைப் பற்றி எழுதியவர்களில் எஸ். மீனாட்சி அம்மாள் தனி வகை. 1951இல் வந்த ‘சமைத்துப் பார்’ இன்றும் அச்சில் இருக்கிறது. கல்யாணச் சீரில் வைத்துக் கொடுக்கும் புத்தகமாகவே ஆகிவிட்டது. அவர் விற்றது ஊர் சுற்றிய அனுபவத்தை அன்று. எத்தனை ஆழாக்கு, எவ்வளவு உப்பு, எப்போது இறக்க வேண்டும் என்ற கணக்கை விற்றார். அனுபவத்தை விட அளவுக்குத்தான் நீண்ட நாள் சந்தை இருந்திருக்கிறது.

மேற்கில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது மிச்சலின் வழிகாட்டி. 1900இல் அதை வெளியிட்டது டயர் நிறுவனம். முதலில் இலவசமாகக் கொடுத்தது. மக்கள் வண்டியில் அதிகம் போனால் டயர் தேயும், புது டயர் விற்கும் என்பது கணக்கு. சாப்பாட்டுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது 1926இல்தான். உலகத்தின் புகழ்பெற்ற உணவு மதிப்பீட்டுக்கும் ஆரம்பச் செலவைக் கொடுத்தது ரப்பர். இளந்திரையன் இடத்தில் டயர் கம்பெனி வந்திருக்கிறது. ஏற்பாடு பெரிதாக மாறவில்லை.

பட்டமும் உரிமமும்

நான்காவது விடை படிப்பு. தரமணியிலுள்ள உணவக மேலாண்மைக் கல்வி நிறுவனம் போன்றவற்றில் பட்டம் பெறலாம். சுற்றுலா வழிகாட்டியாக அரசு அங்கீகாரம் பெறலாம். மாதச் சம்பளம், பதவி உயர்வு என்று பெற்றோர் புரிந்துகொள்ளும் ஒரே பாதை இது. காஞ்சி போன்ற ஊரில் கைலாசநாதர் கோயிலின் பல்லவச் சிற்பங்களை, வைகுண்டப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்ப வரிசையைப் படித்து விளக்கத் தெரிந்த கைடுக்கு மதிப்பும் உண்டு.

குறையும் உண்டு. நட்சத்திர ஓட்டல் அடுப்படியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவருக்கு ஊர் சுற்ற நேரமில்லை. மற்றவர்கள் விடுமுறையில் வரும் நாள்தான் அவருக்குக் கடுமையான வேலை நாள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய நூல் இங்கே பொருந்தும். புன்னகையே வேலையின் பகுதியாகும்போது தன் உணர்ச்சி தனக்கே அந்நியமாகிறது என்பது அவர் வாதம். பயணத்தொழிலில் இருக்கிற யாரும் இதை எளிதில் மறுக்கமாட்டார்கள்.

திரையில் வந்த விடை

இப்போது அதிகம் பேசப்படுவது ஐந்தாவது விடை. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. யூடியூபில் இந்த எண்ணிக்கையை எட்டிய முதல் தமிழ் சேனல்களில் ஒன்று. வயலில் அடுப்பு கூட்டி, அம்மியில் மசாலா அரைத்து, சமைத்ததை முதியோருக்கும் ஏழைகளுக்கும் பரிமாறும் காட்சிகளை உலகமே பார்த்தது. ஆர்வம் இருந்தால் போதும் என்பதற்கு இதை உதாரணம் காட்டுகிறார்கள். கூர்ந்து பார்த்தால் உதாரணம் வேறு பக்கம் சாய்கிறது. அந்தக் குழுவின் தாத்தா பெரியதம்பி ஏற்கெனவே சமையல்காரர். விசேஷங்களுக்குப் பெரிய அளவில் சமைத்துப் பழகியவர். காமிரா வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கரண்டி கையில் இருந்தது. அந்தோணி போர்டெய்ன் கதையும் இதுவே: உலகம் சுற்றிச் சாப்பிட்டுக் காட்டியவர் என்று புகழடையும் முன் நியூயார்க் அடுப்படிகளில் ஆண்டுக்கணக்கில் வெந்தவர்.

ஓட்டல் ஓட்டலாகப் போய்ச் சாப்பிட்டுக் கருத்துச் சொல்லும் விமர்சகர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் காசு வருவது விளம்பரத்திலிருந்து. சில வேளை அந்த ஓட்டலிடமிருந்தே. பார்வையாளர் நம்பிக்கையை விற்றுத்தான் இந்த வருமானம் என்பதால் ஒழுங்குமுறை தேவைப்பட்டது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் இணையப் பிரபலங்களுக்கு நெறிமுறை வகுத்தது. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு, காசோ இலவசமோ பெற்றுப் பரிந்துரைத்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விதி இருக்கிறது. தெருவோரக் கடையில் இலவசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போடும் பத்து நிமிட வீடியோவுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

ஆசைக்குக் கூலி கொடுத்தால் என்ன ஆகும்?

பிடித்ததைத் தொழிலாக்கினால் பிடிப்பு போய்விடும் என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. உளவியலில் இதற்கு ஆதரவான ஆய்வுகள் உண்டு. 1973இல் லெப்பரும் அவர் சகாக்களும் படம் வரைவதில் விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்னமே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பின்னர் சும்மா இருந்த நேரத்தில் மற்றவர்களை விடக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. ஆனால் 1994இல் காமரூனும் பியர்ஸும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பரிசு பொதுவாக ஆர்வத்தைக் கெடுப்பதில்லை என்றார்கள். 1999இல் டெசியும் சகாக்களும் அதை மறுத்தார்கள். மழலையர் படத்திலிருந்து வளர்ந்தவரின் வயிற்றுப்பிழைப்புக்குத் தாவுவதில் எச்சரிக்கை தேவை. கூலி ஆர்வத்தைக் கொல்லும் என்று முடிவுகட்ட இந்தச் சான்றுகள் போதா.

இதைவிடக் கவலை தருவது 2020இல் ஜே யுன் கிம் முதலானோர் வெளியிட்ட ஆய்வு. ஒருவர் வேலையை மிகவும் விரும்பிச் செய்கிறார் என்று தெரிந்தால், அவரிடம் கூலி இல்லாமல் கூடுதல் வேலை வாங்குவதை மற்றவர்கள் எளிதில் நியாயப்படுத்துகிறார்கள் என்று அது காட்டியது. ‘உனக்குத்தான் பிடிக்குமே’ என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை பேரின் உழைப்பு கரைந்திருக்கிறது என்று உணவுத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டில் சமைக்கும் பெண்களுக்கு அது தலைமுறைகளாகத் தெரியும்.

தறி நிற்கும் அரைமணி

மேலே சொன்ன ஐந்து விடைகளும் போகிறவர் பக்கத்திலிருந்து பேசுகின்றன. ஆறாவது நிலை, இருக்கிறவர் பக்கத்திலிருந்து கேட்பது: வருகிறவரின் ரசனையால் ஊரில் இருக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது?

காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் பயணிகளை வீட்டுக்கே கூட்டிப்போய்த் தறி காட்டுவது இன்று சுற்றுலாவின் பகுதி. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர் நாடாவை நிறுத்துகிறார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வரும்படி ஊடைகளைக் கோக்கும் கோர்வை வேலையைக் காட்டுகிறார். இதற்கு இரண்டு பேர் வேண்டும்; பக்கத்தில் கரைக்கு நாடா தள்ளுகிறவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஜரிகையைப் பற்றிக் கேட்கிறார்கள், சொல்கிறார். படம் எடுக்கிறார்கள், நிமிர்ந்து பார்க்கிறார். அவருக்குக் கூலி சேலைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. நின்ற அரைமணிக்கு இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடையாது. பயணிகளைக் கூட்டிவந்தவருக்கோ, அவர்கள் அடுத்து நுழையும் ஜவுளிக்கடையில் கமிஷன் கிடைக்கலாம்.

காஞ்சியில் பயணத்தொழிலின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பது இந்தக் கமிஷன்தான் என்று ஊரை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. வண்டி ஓட்டுகிறவர், கைடு, தரகர் ஆகியோரின் உண்மையான கூலி வழிகாட்டியதற்குக் கிடைப்பதில்லை. சேலை விற்றதில் கிடைக்கிறது. அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. வழிகாட்டலுக்கு நேரடியாகக் காசு கொடுக்கும் பழக்கம் நம்மிடையே வளராதபோது வேறு எங்கிருந்து அவர்கள் பிழைப்பார்கள்? ஆனால் விளைவு தெரிகிறது. கைலாசநாதர் கோயிலில் நிற்கும் நேரம் சுருங்குகிறது, கடையில் நிற்கும் நேரம் நீள்கிறது.

நிலையாமை இன்னொரு சிக்கல். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் தரிசனம் நடந்தபோது, வந்தவர் தொகை ஒரு கோடியை ஒட்டியது என்று மதிப்பிடப்பட்டது. தண்ணீர் பாட்டில் விற்றவர் முதல் வீட்டு அறையை வாடகைக்கு விட்டவர் வரை சம்பாதித்தார்கள். அடுத்த மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்து கோயில் கதவே சாத்தப்பட்டது. அத்திவரதர் மறுபடி வெளிவர நாற்பது ஆண்டுகள் ஆகும். கூட்டத்தை நம்பித் தொழில் தொடங்கியவருக்கு 48 நாள் வருமானத்தை வைத்து மீதிக் காலத்தை ஓட்ட முடியாது.

மாற்று வழிகள் பேசப்படாமலில்லை. பாரம்பரிய நகரங்களுக்கான ‘ஹிருதய்’ திட்டத்தில் 2015இல் தேர்வான 12 நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு, கோயில் பண்டங்களின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தேடும் எண்ணம் வலுத்திருக்கிறது. இத்தகைய திட்டங்களும் குறியீடும் தேவையானவையே. இட்லி வேகவைக்கிறவரின் மாத வருமானத்தை அவை தாமாகவே உயர்த்தும் என்று எதிர்பார்க்க முடியாது. குறியீடு பெற்ற பட்டின் நெசவாளரே பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்புகிறார் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தீராமல் நிற்பவை

இந்த விடைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது சில முடிவுகளுக்கு ஓரளவு துணிந்து வரலாம். ஆசை மட்டும் எந்தக் காலத்திலும் விலைபோனதாகத் தெரியவில்லை. பாணனுக்கு யாழ், மீனாட்சி அம்மாளுக்கு அளவு, சின்னவீரமங்கலத்துக் குழுவுக்குப் பெருஞ்சமையல் என்று ஒரு கைத்திறம் முன்னால் நின்றிருக்கிறது. காசும் பெரும்பாலும் வேறொரு நோக்கமுள்ள மூன்றாமவரிடமிருந்து வந்திருக்கிறது. அந்த மூன்றாமவரை வெளிப்படையாகச் சொல்லும்போது தொழில் கௌரவமாக இருக்கிறது. மறைக்கும்போது நம்பிக்கை போய்விடுகிறது.

முடிவாகாதவையே அதிகம். இணையத்தில் கிடைக்கும் வருமானம் ஒரு தலைமுறைக்கு நிலைக்குமா என்று சொல்ல, அந்தத் தொழில் தோன்றிப் போதிய காலம் ஆகவில்லை. வெற்றிபெற்ற சேனல்களின் கதைகள் தெரிகின்றன. கைவிட்டவர்களின் கதைகளை யாரும் தொகுப்பதில்லை. பெண்கள் தனியாக ஊர் சுற்றித் தொழில் செய்வதில் உள்ள இடையூறுகள் பற்றித் தமிழில் முறையான பதிவு மிகக் குறைவு. வழிகாட்டலுக்கும் தறி காட்டலுக்கும் நேரடிக் கட்டணம் என்று ஒரு சிறிய ஊர் தீர்மானித்தால் கூட்டம் குறையுமா, வருமானம் கூடுமா? சோதித்துத்தான் சொல்ல முடியும். காஞ்சி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்தச் சோதனையை நடத்தும் அமைப்பு பலம் இருக்கிறது. தறி காட்டும் அரைமணிக்கு ஒரு தொகையை நிர்ணயித்து, அதில் நெசவாளருக்கும் கரைக்கு நாடா தள்ளுகிறவருக்கும் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதி வைத்து, ஓராண்டுக் கணக்கை வெளியிட்டால் இந்த விவாதம் ஊகத்திலிருந்து ஒரு படி மேலே வரும். அதுவரை காஞ்சிக்குப் போகிறவர்கள் தறியைப் பார்த்துவிட்டு எழும்போது, நின்ற நேரத்துக்கு உரியதை அங்கேயே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.